கறுத்தல் என்னும் வினைச்சொல்

"கறுப்பா இருந்தாலும் களையா இருப்பா." பெண் பார்த்துவிட்டு வந்த வீடுகளில் மட்டும் கேட்கிற வாக்கியம் இல்லை இது. நம் சிறுகதைகளிலும் நாவல்களிலும் இதற்குச் சொந்தக்காரர்கள் நிறைய பேர் உண்டு. கறுப்புதான், ஆனாலும் லட்சணம். நிறம் கம்மிதான், ஆனால் கண்ணு ரெண்டும் பேசும். இந்த வகை வாக்கியத்தில் என் கண் போய் நிற்கிற இடம் 'கறுப்பு' என்ற சொல்லில் இல்லை, அந்த 'ஆலும்' விகுதியில். ஒரு குற்றத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு ஜாமீன் கேட்கிற விகுதி அது. "மழை பெய்தாலும் போனோம்" என்றால் மழை ஒரு தடை. அதே இலக்கணத்தில் நிறம் இங்கே தடையாக நிற்கிறது. கதாசிரியர் அதை யோசித்து எழுதியிருக்க மாட்டார். யோசிக்காமல் வந்து விழுவதுதான் பிரச்சினையே.

இதோடு இன்னும் இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, "வெயிலில் கருகிய உடம்பு." கதைக்குள் கூலிவேலை செய்கிற ஒருவர் நுழைந்தவுடன் இந்தச் சொற்றொடரும் கூடவே நுழைந்துவிடும். இன்னொன்று, "வெட்கத்தில் அவள் முகம் சிவந்தது." அவள் எந்த நிறத்துக்காரியாக இருந்தாலும் சரி, சிவந்தே தீரும். மூன்றும் தோலைப் பற்றிய வாக்கியங்கள் மாதிரி தோன்றுகின்றன. மூன்றிலும் யாரும் தோலைப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் புகார்.

இப்படி எழுதினால் மனசு புண்படும் என்கிற வகைப் புகார் இல்லை இது. அது வேறு சண்டை, அதைப் போடுகிறவர்கள் நன்றாகவே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் கேட்பது துல்லியம். பனைமரத்தை எழுதும்போது பாளைக்கும் நுங்குக்கும் வித்தியாசம் தெரிந்து எழுதுகிற நம் எழுத்தாளர், ஒரு மனித உடம்பின் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் பரப்பை 'கறுப்பு, சிவப்பு, மாநிறம்' என்று மூன்று லேபிள் ஒட்டி ஏன் தாண்டிப் போகிறார்?

'கருகிய' என்பதிலிருந்தே தொடங்கலாம். கருகுவது எது? அடுப்பில் மறந்துவிட்ட தோசை கருகும். தண்ணீர் காணாத பயிர் கருகும். கருகியது திரும்பி வராது, அது உயிர் போன பிறகு நடப்பது. வெயிலில் நிற்கும் தோலில் நடப்பது இதற்குக் கிட்டத்தட்ட நேர் எதிரானது. அங்கே ரொம்ப மும்முரமாக ஒரு வேலை நடக்கிறது.

நாம் தொட்டுப் பார்க்கிற தோலின் மேல்பரப்பு முழுக்கச் செத்த செல்கள். தட்டையாகி, கெரட்டின் என்ற புரதத்தால் நிரம்பி, செங்கல் வரிசை மாதிரி அடுக்கடுக்காக, நடுவில் கொழுப்புச் சாந்து பூசி நிற்கின்றன. தண்ணீர் உள்ளிருந்து வெளியே போய்விடாமலும் கிருமி வெளியிலிருந்து உள்ளே வராமலும் காப்பது இந்தச் செத்த சுவர்தான். ஏறக்குறைய ஒரு மாதத்தில் கீழே பிறந்த செல் மேலே வந்து, செத்து, சுவராக நின்று, உதிர்ந்துபோகிறது. வீட்டுத் தூசியில் நாமும் கொஞ்சம் இருக்கிறோம். கதை நடப்பது இதற்கும் கீழே, செல்கள் பிறக்கிற அடித்தளத்தில். அங்கே சாதாரணத் தோல்செல்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக மெலனோசைட் என்ற வேறொரு வகைச் செல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்டோபஸ் மாதிரி கைகள் அதற்கு. ஒரு மெலனோசைட்டின் கைகள் சுற்றியிருக்கிற முப்பதுக்கும் மேற்பட்ட செல்களை எட்டும்.

வெயிலின் புறஊதாக் கதிர், குறிப்பாக யு.வி.பி. என்கிற வகை, மேல்தோல் செல்லின் கருவுக்குள் போய் டி.என்.ஏ.வை அடிக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. புத்தகத்தில் இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டால் வாசிக்கிறவன் தடுக்கி விழுவான் இல்லையா, அந்த மாதிரி. சேதத்தைக் கவனிக்கிற புரதம் ஒன்று உண்டு, பி53. புற்றுநோய் ஆராய்ச்சியில் அடிக்கடி அடிபடும் பெயர். அது விழித்துக்கொள்கிறது. பழுதுபார்க்கும் வேலையை ஒருபக்கம் தொடங்கிவைத்து, இன்னொருபக்கம் ஒரு ஹார்மோனை உண்டாக்கச் செய்து மெலனோசைட்டுக்குச் சேதி அனுப்புகிறது. மெலனோசைட் மெலனின் தயாரித்து, மெலனோசோம் என்ற சின்னச் சின்னப் பொட்டலங்களில் கட்டி, தன் கைகள் வழியாக அக்கம்பக்கத்துச் செல்களுக்குக் கொடுத்தனுப்புகிறது. பொட்டலத்தை வாங்கிய செல் அதைக் கண்ட இடத்தில் போட்டுவைப்பதில்லை. தன் கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகப் பார்த்து, ஒரு குடைபோலக் கவிழ்த்துவைக்கிறது.

குடை என்று நான் உவமைக்காகச் சொல்லவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் அது அப்படித்தான் தெரியும். லட்சக்கணக்கான செல்கள், ஒவ்வொன்றும் தன் டி.என்.ஏ.வுக்கு மேல் ஒரு கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு நிற்கின்றன. "வெயிலில் கருகிய" என்று நாம் எழுதித் தாண்டிப்போவது இந்தக் காட்சியைத்தான்.

இதற்கு நேரமும் உண்டு. வெயிலில் நின்ற சில நிமிடங்களிலேயே தெரிகிற கறுப்பு வேறு. அது ஏற்கெனவே தோலில் இருக்கும் மெலனின் யு.வி.ஏ. கதிர் பட்டு மாறுவதால் வருவது, சீக்கிரம் மங்கிவிடும். புதிதாக மெலனின் தயாரித்து, விநியோகித்து, குடை விரிக்கிற கறுப்புக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். மே மாதம் முழுக்கக் கிரிக்கெட் ஆடிவிட்டு வரும் பையனைப் பார்த்து "என்னடா இப்படிக் கறுத்துட்ட" என்று கேட்கும் அத்தை, சொல்லைச் சரியாகத்தான் போடுகிறார். கறுத்துட்ட. வினைச்சொல். எழுவாய் அவன். அவன் தோல் ஒரு காரியம் செய்திருக்கிறது. அத்தை வருத்தப்படுவது வேறு விஷயம்.

இன்னொன்று. ஒரு சதுர மில்லிமீட்டர் தோலில் எத்தனை மெலனோசைட் என்று எண்ணினால், ஸ்வீடன்காரருக்கும் சூடான்காரருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான் வரும். வித்தியாசம் செல்லின் எண்ணிக்கையில் இல்லை. பொட்டலத்தின் அளவு, உள்ளே இருக்கும் மெலனினின் வகை, அது எவ்வளவு நாள் கரையாமல் நிற்கிறது என்பதில். எல்லோரிடமும் அதே பட்டறைதான், உற்பத்திதான் வேறு வேறு.

சரி, அப்படியென்றால் கறுப்பது நல்லது, வெயில் நல்லது என்று முடித்துவிடலாமா? முடியாது. குடை விரிக்கச் சேதி போனதே டி.என்.ஏ. அடிபட்ட பிறகுதான். கறுத்த தோல் காயத்தின் சாட்சி, காயத்துக்குக் கொடுத்த பதிலும் அதுவே. 'கருகிய' என்று எழுதுகிறவருக்குக் காயம் மட்டும் தெரிகிறது. இதில் உண்மையாகவே நஷ்டப்படுவது கதைதான். உழைப்பாளியின் உடம்பைக் 'கருகியது' என்று சொன்ன கணத்தில் அந்த உடம்பு முடிந்துபோன பொருளாகிவிடுகிறது. அதற்குமேல் பரிதாபப்படலாம், வேறெதுவும் செய்ய முடியாது. அவர் எந்த வேலை செய்கிறார், எத்தனை மணிக்கு வெயிலில் இறங்குகிறார், எங்கே நிழல் கிடைக்கிறது என்பதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அமுங்கிப்போய்விடுகின்றன.

தூத்துக்குடி உப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வெயில் மேலிருந்து மட்டும் வராது. கீழே வெள்ளையாகக் கிடக்கும் உப்பிலிருந்தும் திரும்பி வரும். தலைத்துண்டு நெற்றியைக் காக்கும், தாடையின் அடிப்பக்கத்தைக் காக்காது. தோலில் இருக்கிற 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் ஒருபக்கம் உடம்பைக் குளிர்விக்கப் போராடிக்கொண்டிருக்கும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் வியர்வை காயாது. காயாத வியர்வையால் பிரயோஜனமில்லை, வழிந்துபோய்விடும். அள்ளுவதும் உப்பு, உடம்பிலிருந்து போவதும் உப்பு. இப்படி ஒரு இடத்தில் நிற்கிற மனிதரை எழுதும்போது எனக்கு 'கருகிய' வேண்டாம். ரப்பர் செருப்பின் வார் மறைத்த இடத்தில் மட்டும் கால் வேறு நிறமாக இருக்கும் பாருங்கள், அந்த வி வடிவக் கோடு வேண்டும். முதுகுச் சட்டையில் வியர்வை காய்ந்து வரைந்த வெள்ளைக் கரை வேண்டும். தாலிக்கயிறு கிடந்த இடம், வளையலுக்கு அடியில் இருக்கும் இடம், கைக்கடிகாரத்தைக் கழற்றினால் தெரிகிற பட்டை. தோல் தன்மேல் எழுதிவைத்திருக்கிற தினசரிக் குறிப்பு இது. ஓர் எழுத்தாளருக்கு இதைவிடச் சுலபமான ஆதாரம் கிடைக்காது. அந்தப் பட்டையைப் பார்த்தால் அவர் கடிகாரம் கட்டி எத்தனை நாள் வெயிலில் நின்றார் என்பதுகூடத் தோராயமாகத் தெரியும்.

நம் எழுத்தைவிடத் தோலை உன்னிப்பாகப் பார்த்தவர்கள் க்ரீம் வியாபாரிகள் என்பதையும் சொல்லியாகவேண்டும். 1975-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-ல் குளோ அண்ட் லவ்லி என்று பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. இந்த வகைக் க்ரீம்களில் முக்கியமாக இருப்பது நியாசினமைடு. வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம், அதனளவில் வில்லன் ஒன்றுமில்லை. அது செய்யும் காரியம் என்ன தெரியுமா? மெலனின் தயாரிப்பை அது தடுப்பதில்லை. தயாரான பொட்டலம் மெலனோசைட்டின் கையிலிருந்து பக்கத்துச் செல்லுக்குப் போய்ச் சேர்வதைக் குறைக்கிறது. அதாவது, குடை கைமாறுகிற இடத்தில் போய்க் குறுக்கே நிற்கிறது. இதைப் படித்தபோது, வெயில் நாட்டில் வெளுப்பு விற்பதைப் பற்றி யாராவது கவிஞர் கற்பனை செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது என்று தோன்றியது. மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கித் தடவுகிற ஸ்டீராய்டு க்ரீம்களின் கதை இதைவிட மோசம். அவை முகத்தின் தோலையே மெலிதாக்கிவிடும். முதல் வாரம் பளபளப்பு, அப்புறம் நிறுத்தினால் எரிச்சல், நிறுத்தாவிட்டால் இன்னும் எரிச்சல்.

*

இங்கே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஆபத்து உண்டு. அறிவியலை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு, "நம்ம தோலு சூப்பர் தோலு, சன்ஸ்கிரீன் எல்லாம் வெள்ளைக்காரனுக்கு" என்று கிளம்புகிற வீரம். அதற்கு ஆதாரம் இருப்பது போலவே தோன்றும். 1979-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, கறுப்பினத்தவரின் மேல்தோல் யு.வி.பி.க்கு எதிராகச் சராசரியாக 13.4 மடங்கு காப்புக் கொடுக்கிறது, வெள்ளையரின் மேல்தோல் 3.4 மடங்கு கொடுக்கிறது என்று அளந்து சொன்னது. சன்ஸ்கிரீன் டப்பாவில் எஸ்.பி.எஃப். என்று போட்டிருக்கும் எண்ணோடு இதை ஒப்பிடலாம். 13 என்பது நல்ல எண்தான். கோட்டை இல்லை. இடையில் இருக்கும் நம் நிறங்களுக்கு அந்த எண்ணும் கிடையாது.

பாப் மார்லியை நினைத்துக்கொள்ளுங்கள். 1977-ல் அவருடைய கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் கண்டுபிடிக்கப்பட்டது மெலனோமா, மெலனோசைட்டிலிருந்தே தொடங்குகிற புற்றுநோய். 1981-ல், 36 வயதில், இறந்துபோனார். அந்த இடத்தில் வருகிற மெலனோமாவுக்கு வெயில் காரணமில்லை, நிறம் காப்பதுமில்லை. "நமக்கெல்லாம் அது வராது" என்று நினைக்கிற ஊரில் உள்ளங்காலில், நகத்தடியில் வரும் கறுப்புக் கோட்டை யாரும் காட்டமாட்டார்கள். தாமதமாகத் தெரிகிறது, தாமதத்தில் சாகிறார்கள். வைட்டமின் டி விஷயமும் அப்படித்தான். தோலில் இருக்கும் ஒரு கொழுப்புப்பொருளை யு.வி.பி. உடைத்துத்தான் அந்த வைட்டமினுக்கு முதல் படி போடுகிறது. அளவு மிஞ்சினால் அதே வெயில் அதை வேறு பொருளாகச் சிதைத்தும்விடுகிறது. வெயிலால் மட்டும் வைட்டமின் டி நஞ்சாகும் அளவுக்குச் சேராது. அவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு. ஆனால் மெலனின் அதிகமுள்ள தோலுக்கு அதே அளவு தயாரிக்கக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். வருஷம் முழுக்க வெயிலடிக்கிற இந்தியாவில் வைட்டமின் டி பற்றாக்குறை பரவலாக இருப்பதற்கு ஒரு காரணம் இது. இன்னொரு காரணம், குளிரூட்டிய அறைகளில் உட்கார்ந்து இந்தக் கட்டுரையை எழுதுகிற, வாசிக்கிற வாழ்க்கை.

நிறம் ஏன் இப்படி உலகமெங்கும் பரவியிருக்கிறது என்பதற்கு இன்று அதிகம் பேசப்படும் விளக்கம் மானுடவியலாளர் நினா ஜப்லான்ஸ்கியுடையது. 1978-ல் இரண்டு ஆய்வாளர்கள் மனித ரத்தத்தின் பிளாஸ்மாவைக் கடும் வெயிலுக்குச் சமமான ஒளியில் ஒரு மணிநேரம் வைத்துப் பார்த்தார்கள். ஃபோலேட் சத்து 30 முதல் 50 சதவீதம் வரை அழிந்துபோனது. கருவின் முதுகுத்தண்டு சரியாக உருவாக வேண்டிய சத்து அது. ஜப்லான்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் இதையும் நாசா செயற்கைக்கோளின் புறஊதாக்கதிர் அளவுகளையும் சேர்த்து, 2000-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வெயில் அதிகமான இடத்தில் ஃபோலேட்டைக் காக்கக் கறுப்பு, வெயில் குறைந்த இடத்தில் வைட்டமின் டி கிடைக்க வெளுப்பு. இரண்டுக்கும் நடுவிலான பேரம்தான் நிறம். 2006-ல் வந்த அவருடைய 'ஸ்கின்: எ நேச்சுரல் ஹிஸ்டரி' இதைப் பொதுவாசகருக்கு அழகாகச் சொல்லும் புத்தகம். இளம் வாசகர்கள் கட்டாயம் படிக்கவேண்டும். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. உலக வரைபடத்தில் அட்சரேகையை வைத்துப் பார்க்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. மதுரையில் ஒரு தெருவில் நின்று பார்க்கும்போது அந்த வரைபடம் போதவில்லை. ஒரே அட்சரேகை, ஒரே வெயில், ஒரே வீட்டில் அக்கா ஒரு நிறம், தங்கை ஒரு நிறம். எஸ்டோனிய ஆய்வாளர்களும் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு முடிச்சை அவிழ்த்தது. ஐரோப்பியரிடமும் தெற்காசியரிடமும் நிறத்தை வெளுக்கச் செய்யும் ஒரு மரபணு மாற்றம் ஒரே மூலத்திலிருந்து வந்தது என்று காட்டியது. இடப்பெயர்வும் யார் யாரைக் கட்டலாம் என்ற விதியும் சேர்ந்து பின்னிய கதை நம் நிறம். அதில் சூரியன் ஒரு பாத்திரம் மட்டும்தான்.

*

இப்போது அந்தச் சிவந்த முகம். வெட்கப்படும்போது முகத்தின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, எல்லா மனிதருக்கும். வெளுத்த தோலில் அது சிவப்பாகத் தெரிகிறது. மெலனின் நிறைந்த தோலில் சூடாக உணரப்படும், லேசாக இன்னும் கறுக்கும், பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. டார்வின் 1872-ல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி எழுதிய புத்தகத்தில் நாணத்துக்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. கறுத்த தோல் நாணுமா என்ற கேள்விக்கு உலகெங்கிலுமிருந்து குறிப்புகள் சேகரித்தார். ஒரு கறுப்பினப் பெண்ணின் முகத்தழும்பு, திடீரென்று யாராவது பேசினால் சிவந்தது என்று ஒரு மருத்துவர் கண்டதை மேற்கோள் காட்டுகிறார். வாசிக்கச் சங்கடமான பகுதிதான். ஆனால் அந்த மனிதர் ஒரு தழும்பையாவது பார்த்தார். நம் கதாசிரியர் கறுத்த பெண்ணின் முகத்தைச் சிவக்கவைக்கும்போது அவளைப் பார்க்கவே இல்லை, தான் படித்த வேறொரு நாவலைப் பார்க்கிறார். காதுமடல் சூடானது என்று எழுதலாம். சும்மா இருக்கமுடியாமல் முந்தானையைத் திருகினாள் என்று எழுதலாம். கறுத்த முகத்தின் நாணம் அவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்பது எவ்வளவு பெரிய கதைப்பொருள்! அதைச் சிவப்படித்துக் கெடுக்கிறோம்.

இலக்கியத்தில் இது ரசனைக் குறைவு. மருத்துவத்தில் உயிர்ச்சேதம். தடிப்பு என்றால் சிவந்திருக்கும், ஆக்ஸிஜன் குறைந்தால் உதடு நீலமாகும் என்று வெளுத்த தோலை வைத்தே பாடப்புத்தகங்கள் வர்ணித்து வந்தன. வர்ணனை தவறினால் நோய் கண்ணில் படாது. லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து, கறுத்த தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று படங்களோடு ஒரு கையேடு தயாரித்து 2020-ல் வெளியிட்டார். அதே வருஷம், கொரோனா நடுவில், விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டரைப் பற்றி ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தும் கருவி சரியான அளவைக் காட்டி ஏமாற்றியது, வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். அந்தக் கருவியும் ஒரு வகையில் தோலைத் தவறாக வாசிக்கும் விமர்சகர்தான். தமிழில் நாம் ஒரு சொல்லையாவது திருத்தியிருக்கிறோம். தோலில் மெலனோசைட்டுகள் அழிந்து வருகிற வெள்ளைத் திட்டுக்கு 'வெண்குஷ்டம்' என்றே பேர் இருந்தது. தொழுநோய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தப் பேரால் எத்தனை கல்யாணம் நின்றதோ. இப்போது 'வெண்புள்ளி' என்கிறோம்.

ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் என்று ஒன்று உண்டு. தோல் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துவது. 1975-ல் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் ஒளிச்சிகிச்சைக்கு எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்று முடிவுசெய்ய இதை உருவாக்கினார். அவர் கேட்டது "உன் நிறம் என்ன" என்ற கேள்வி இல்லை. "வெயிலில் நின்றால் உன் தோல் என்ன செய்யும்? எரியுமா, கறுக்குமா?" அருமையான கேள்வி. பதிலை வைத்து வெள்ளையரை நான்கு வகையாகப் பிரித்தார். பிற்பாடுதான் ஐந்தாவது, ஆறாவது வகைகள் சேர்க்கப்பட்டன: பழுப்பு, கறுப்பு. அந்த இடத்தில் கேள்வி மாறிவிட்டதைக் கவனித்தீர்களா? முதல் நான்கு பேர் என்ன செய்கிறார்கள் என்பதால் வகைப்படுகிறார்கள். கடைசி இரண்டு பேர் என்னவாக இருக்கிறார்கள் என்பதால். வெள்ளைத் தோலுக்கு வினைச்சொல், மற்றவர்களுக்குப் பெயர்ச்சொல். நம் சிறுகதைகளில் நடப்பதும் இதே இலக்கணப் பிழைதான்.

*

தமிழ் இந்த விஷயத்தில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. தொல்காப்பிய உரியியல் கறுப்பு, சிவப்பு என்ற இரண்டு சொல்லுக்கும் முதலில் சொல்கிற பொருள் நிறம் இல்லை, கோபம். நிறத்தையும் அவை குறிக்கும் என்பது அடுத்த படியாகத்தான் வருகிறது. முகத்தில் ஒன்று நடக்கிறது, அந்த நடப்புக்குத்தான் முதல் பேர்.

சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனிக்கு வருகிற சொல் மாமை. கருமை என்றும் அழகு என்றும் இரண்டு பொருளும் அதற்கு உண்டு, 'ஆலும்' போட்டுப் பிரிக்கத் தேவையில்லாமல் ஒரே சொல்லுக்குள். உரைகாரர்கள் மாந்தளிரின் நிறம் என்பார்கள். மாந்தளிரைப் பார்த்திருக்கிறீர்கள்தானே, பச்சையாக மாறும் முன்னால் செம்பும் காப்பித்தூளும் கலந்த மாதிரி, துவண்டு தொங்கும். அந்த நிறத்தைக் கொடுப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி. முதிராத இலைக்கு அது ஏன் என்பதற்குத் தாவரவியலாளர்கள் சொல்கிற விளக்கங்களில் ஒன்று, கடும் வெயிலிலிருந்து இளந்திசுவைக் காக்கத்தான் என்பது. பூச்சியை விரட்ட என்று சொல்கிறவர்களும் உண்டு. முதல் விளக்கம் சரியென்றால், சூரியனுக்கு எதிராகக் குடை பிடித்த தோலுக்கு, சூரியனுக்கு எதிராகக் குடை பிடித்த இலையை அந்தக் கவிஞர்கள் உவமை வைத்திருக்கிறார்கள். மெலனின் தெரிந்து வைத்ததில்லை. பார்த்ததால் வைத்தது. இன்று அதே 'மா' 'மாநிறம்' என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டு வரன் விளம்பரத்தில் நிற்கிறது, கறுப்பு என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்களின் இடக்கரடக்கலாக.

உடனே "பார்த்தீங்களா, சங்கத் தமிழனுக்கு நிறவெறியே இல்லை" என்று பகிரக் கிளம்பவேண்டாம். பொன்னை ஒத்த மேனியைப் புகழ்வதும் அதே இலக்கியத்தில் இருக்கிறது. எனக்கு அங்கே பிடித்திருப்பது எந்த நிறத்தைப் புகழ்ந்தார்கள் என்பதைவிட, நிறம் அங்கே சும்மா இருப்பதில்லை என்பது. மாமையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அது போய்விடுகிறதே என்ற பேச்சு. அதைத் தின்ன வருவது பசலை. பிரிவில் மேனியில் படரும் மஞ்சள் வெளுப்பு. வெள்ளிவீதியார் குறுந்தொகை 27-ல் தன் மாமை தனக்கும் ஆகாமல் அவனுக்கும் உதவாமல் பசலைக்கு உணவாகப் போவதை, கன்றும் குடிக்காமல் பாத்திரத்திலும் விழாமல் மண்ணில் சிந்திய பாலோடு வைத்துப் பார்க்கிறார். கறுப்பு போய் வெளுப்பு வருவது இங்கே நோய். குறுந்தொகை 399-ல் பரணருக்குப் பசலை, ஊர் குடிக்கும் கிணற்றின் பாசி. கை பட்டால் விலகும், கை எடுத்தால் திரும்ப மூடும். திருக்குறளில் பசலைக்குத் தனியாக ஓர் அதிகாரம். விளக்கு அணையட்டும் என்று இருட்டு காத்திருப்பதுபோல, தழுவல் விலகட்டும் என்று பசலை காத்திருக்கிறது அங்கே. மருத்துவத்தில் பசலை என்றொரு நோய் இல்லை, ரத்தசோகையையோ மஞ்சள் காமாலையையோ அங்கே தேடுவது வேண்டாத வேலை. ஆனால் தோலை வெளியில் நடப்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிற உறுப்பாக, தொட்டால் ஒன்று தொடாவிட்டால் ஒன்று என்று மாறுகிற உறுப்பாகப் பார்த்த பார்வை, நம் 'கருகிய'வைவிட நுண்ணோக்கிக்கு எவ்வளவோ பக்கத்தில் இருக்கிறது.

குறுந்தொகை 98 அடிக்கடி மேற்கோள் காட்டப்படாத ஒரு சின்னப் பாட்டு. தலைவன் வரவில்லை, தலைவியின் நெற்றி வெளுத்துவிட்டது. அவள் தோழியிடம் சொல்கிறாள், யாராவது அவனிடம் போய், இவள் இப்படி ஆகிவிட்டாள் என்று சொன்னால் நன்றாயிருக்கும். எப்படி என்று வர்ணிக்க அவள் முயற்சிகூடச் செய்வதில்லை. நம் தோட்டத்துப் புதரில் மழைக்குப் படர்ந்திருக்கிறதே பீர்க்கு, அதில் நாலு பூவைப் பறித்துக்கொண்டுபோய் அவனிடம் காட்டட்டும் என்கிறாள்.